வரிசை தப்பிய குரல்

அக்கா மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

ஓட்டமும் நடையுமாக மாடியேறி வந்த நெட்வொர்க் ஆள், அட்டைப் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் கூப்பிடும் உதவி எண்ணின் அலுவலகம் அது. யார் கூப்பிடுகிறார்கள் என்று எண்கூடத் திரையில் வராது. அங்கே வேலை பார்க்கும் இளையவர்கள் எல்லாரும் சாட்டிலேயே பேசி முடித்துவிடுவார்கள். குரலுக்குக் காது கொடுக்க அக்கா ஒருத்திதான். அழுபவர்களை அழவிட்டு, அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு "ம்" போடுவாள். அந்த "ம்"முக்காகவே திரும்பக் கூப்பிட்டவர்கள் உண்டு.

கொஞ்ச நாளாக போனில் கேட்கும் பேச்சு சிதறி விழுகிறது, பின்னால் வரவேண்டியது முன்னால் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனும் வருவான். ஒரு கால் போட்டுப் பார்ப்பான். "லைன் நல்லாத்தான் இருக்குக்கா" என்பான்.

அவன் வந்து பார்த்ததெல்லாம் காலை வேளையில். லைனில் நெரிசலே இல்லாத நேரம்.

கடைசியாக வந்தபோது, எல்லார் முன்னாலும், "நீங்க கொஞ்சம் கவனமா கேட்டுப் பழகுங்க" என்றான். யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இன்று மதிய நெரிசலில் வேறு எதையோ சரிபார்க்க, பேசியதைத் திருப்பிக் கேட்கவைக்கும் சோதனைக் கால் ஒன்று போட்டான். அவன் குரலே அவனுக்குப் புரியவில்லை.

வேகம் போதவில்லை என்று இரண்டு லைன்களைச் சேர்த்து ஒன்றாக்கியவன் அவன்தான். குரல் பொடிப்பொடியாகப் பிரிந்து இரண்டு வழியாகவும் வரும். ஒரு வழி கொஞ்சம் மந்தம். பிந்தி வரும் துண்டுக்குக் காத்திருந்து, வரிசையாக்கிக் கொடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. காத்திருந்தால் வேகம் குறைவாகக் காட்டுகிறதே என்று அதை அணைத்துவைத்ததும் அவன்தான். மேலாளர் வேகத்தைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

இப்போது அதைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் மாடியேறி வந்தான். ஒரு நொடி வேலை.

"காது டாக்டர்கிட்ட போனேன் தம்பி," என்றாள் அக்கா, பெட்டியிலிருந்து தலை தூக்காமல். "காதுல ஒரு குறையும் இல்லைன்னுட்டார். அப்ப மூளைதான். எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டேன். உன்னைத்தான் பாவம், சும்மா சும்மா அலையவிட்டுட்டேன்."

அவனுக்குக் காதுமடல் வரை சுட்டது.

பேசாமல் திரும்பிவிடலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் போய்விடுவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓர் அடி பின்னால் எடுத்தும் வைத்துவிட்டான்.

"லைன்தான்க்கா," என்றான். "நான்தான்."

தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை போலிருந்தது.

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று.

"அப்ப, போன வாரம் ஒரு பொண்ணு..." என்றாள். "எதையோ திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்கு ஒண்ணும் பிடிபடல. இன்னொரு தடவை சொல்லும்மான்னு கேட்டேன். 'பரவால்ல, விடுங்க'ன்னா."

மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள்.

"அது மட்டும் தெளிவா கேட்டுச்சு."