நாலு மாடி, நாலு மாஸ்டர்

"முட்டி வலின்னு நீங்களே சொல்றீங்க. நாலு டான்ஸையும் பார்க்கணும்னும் சொல்றீங்க. மாடிக்கு ஒரு டான்ஸுங்க, லிஃப்ட் வேற கிடையாது."

நடனப் பள்ளியின் வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"மெதுவா ஏறிக்கிறேங்க. எது நமக்கு ஒத்துவரும்னு பார்த்தாத்தானே தெரியும்?" என்றாள் தையல்காரம்மா.

ஆடக் கற்றுக்கொள்ளும் ஆசையெல்லாம் அவளுக்கு ஏது? நாளெல்லாம் தையல் மெஷினை மிதித்தே ஓய்ந்துபோன கால்கள் அவை. எல்லாம் ஒரே மகள் நேற்றுச் சாப்பிடும்போது போட்ட குண்டு.

"அம்மா, நான் ஒருத்தரை விரும்புறேன். அந்த டான்ஸ் ஸ்கூல்ல மாஸ்டர். எந்த மாஸ்டர்னு இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா குறை கண்டுபிடிக்கன்னே போவே. நாலு பேரையும் பார்த்துட்டு வா. உனக்குப் பிடிக்கலைன்னா நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அம்மாவைத் தூங்கவிடவில்லை. இதுவரை வாய்திறந்து எதையுமே கேட்காத பெண். அவள் கேட்ட முதல் விஷயத்துக்கே வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் நெஞ்சு தாங்காது.

"இருங்க, நானும் கூட வரேன்," என்று மேசைக்காரம்மாவும் எழுந்துவந்தாள்.

முதல் மாடியில் சால்சா. தையல்காரம்மா ஆளை எடைபோடுவது சட்டையை வைத்துத்தான். சால்சா மாஸ்டருக்கு மேல் நாலு பட்டன்கள் இருந்தும் இல்லாத கணக்கு. ஐந்தே நிமிடத்தில் ஆறு பெண்களை இடுப்பைப் பிடித்துச் சுழற்றிவிட்டார்.

"தங்கமான பையன். எல்லார்கிட்டயும் ஒட்டிக்குவான்," என்றாள் மேசைக்காரம்மா.

"அதான் தெரியுதே."

இரண்டாம் மாடியில் பாலே. அந்த மாஸ்டர் போட்டிருந்த கால்சட்டையில் ஊசி நுழைய இடமில்லை. நுனிக்காலில் நின்று, கழுத்தை நீட்டி, காற்று அடித்தால் போய்விடுவார் போல இருந்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு ஆப்பிள்தான் சாப்பிடுவான். கட்டிக்கப்போறவ அடுப்பே பத்த வைக்க வேண்டாம்."

தையல்காரம்மா சட்டென்று படிப்பக்கம் திரும்பினாள். அவள் மகள் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவள்.

மூன்றாம் மாடியில் ஹிப் ஹாப். அங்கே மாஸ்டரின் கால்சட்டைத் துணியில் தாராளமாக இரண்டு பேருக்குத் தைக்கலாம். இவர்கள் உள்ளே போனபோது அவர் தலையால் நின்றுகொண்டிருந்தார். அப்படியே கையைக் கூப்பி வணக்கமும் வைத்தார்.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

"அவர் எனக்கு வச்சாரா, கூரைக்கு வச்சாரான்னு தெரியலைங்க," என்றபடி தையல்காரம்மா படியேறினாள். இந்த மூவரில் ஒருவன் மருமகனாக வந்துவிடுவானோ என்று நினைக்க நினைக்க முட்டியைவிட மனசுதான் அதிகமாக வலித்தது.

நான்காம் மாடியில் டேப் டான்ஸ். காலணியின் அடியில் இரும்புத் தகடு வைத்துக்கொண்டு பத்துப் பேர் தரையைத் தட்டினார்கள். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். இவளைப் பார்த்ததும் மாஸ்டர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தான்.

"உக்காருங்கம்மா. நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க, முதல்ல மூச்சு வாங்கிக்குங்க."

பிறகு, குனிய முடியாமல் தவித்த ஒரு பருத்த மனிதரின் முன்னால் மண்டியிட்டு, காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டான். அவனுடைய சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிற நூலில் கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. கோணல்தான், ஆனால் கெட்டியான தையல். தானே தைத்திருக்கிறான். இவனாக இருக்கக் கூடாதா என்று தையல்காரம்மாவின் மனசு அடித்துக்கொண்டது.

இறங்கும்போது மேசைக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடைசி ஆளை மட்டும் நம்பிடாதீங்க. சரியான முன்கோபி. ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போடுவான். கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, கீழ் வீட்டுக்காரங்க வாரம் தவறாம சண்டைக்கு வருவாங்க. இது எதுவும் அவனுக்கு உறைக்காது."

வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஊர் வம்பு உண்டா என்ன? ஆனாலும் தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"மத்த மூணு பேரைத் தலையில தூக்கி வச்சு ஆடுனீங்க. இந்தப் பிள்ளை உங்களை என்ன பண்ணிச்சு?"

"பொய் சொல்லலைங்க. சோம்பேறி வேற. விடிஞ்சு மூணு மணி நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டான்."

"போதும், நிறுத்துங்க." தையல்காரம்மா படியிலேயே நின்றுவிட்டாள். "முன்னபின்ன தெரியாதவளுக்கு நாற்காலி போடத் தெரிஞ்ச பிள்ளை அது. துண்டு எங்க கிடந்தா யாருக்கு என்ன? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. குடுத்தா இவனுக்குத்தான் குடுப்பேன், மத்தவங்க யாருக்கும் இல்லை. நீங்க பேசுறது அவனைப் பெத்தவ காதுல விழுந்தா அவ வயிறு எப்படி எரியும்?"

சொன்ன பிறகுதான் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேசைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்க பொண்ணு நேத்தே சொல்லிட்டா, நீங்க வருவீங்கன்னு. என் பிள்ளையோட குறையை ஒண்ணுவிடாம நானே சொல்லிட்டேன் சம்பந்தி, நாளைக்கு மறைச்சுக் கட்டி வச்சுட்டேன்னு என்னைக் கேக்கக் கூடாது."