பதினோரு மாதம்

கோயிலும் சர்ச்சும் கைவிரித்த அன்று, பத்திரம் எழுதும் தங்கப்பழம்தான் தமயந்திக்கும் ஞானப்பிரகாசத்துக்கும் கல்யாண ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். அவருக்குக் கைவந்தது வீட்டு வாடகைப் பத்திரம் மட்டுமே. பழக்கதோஷத்தில் பதினோரு மாதம் என்று கெடுவையும் எழுதிவிட்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களே தவிர, அதைத் திருத்தச் சொல்லவில்லை. அதன்பின் கெடு முடியும்போதெல்லாம் ஞானப்பிரகாசம் இஸ்திரி போட்ட சட்டையுடன், தலையைப் படிய வாரிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

“என்ன தமயந்தி, இன்னும் பதினோரு மாசம் இருக்கியா?”

அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். ஒருமுறை ரசம் நுரைகட்டி வரும்வரை நிற்கவைத்தாள். ஒருமுறை மூன்று நாள்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து, எல்லாத் திருமணத்துக்கும் அரசாங்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. அலுவலகத்தில் குமாஸ்தாப் பெண் தாளை நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. இது ஆயுசுக்கும் செல்லும், புதுப்பிக்கிற தொல்லையே இல்ல. போடலைன்னா சட்டப்படி நீங்க யாரோ, அவரு யாரோ.”

தமயந்தி பேனாவை மூடினாள்.

“அப்ப இவரு எங்கிட்ட எப்பம்மா கேப்பாரு?”

ஞானப்பிரகாசம் மெல்ல எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, மிச்சமிருந்த நாலு முடியை விரலால் வாரிக்கொண்டார்.