'மட்டும்' என்றொரு சொல்

கன்சோல் என்னும் விளையாட்டுப் பெட்டியோடு வந்த கைக்கருவியான கன்ட்ரோலருக்கு இழைக்கப்பட்டது பச்சைத் துரோகம். "இந்த விளையாட்டு கன்சோலுக்கு மட்டும்" என்று சத்தியம் செய்த நிறுவனம், ஒரே வருஷத்தில் கணினிக்கும் வருவதாகச் செய்தி வெளியிட்டது.

"அந்த 'மட்டும்' எங்கே போச்சுக்கா?" என்று சீண்டியது கீபோர்டு.

"சொன்ன சொல்லுக்கு மதிப்பே இல்லையா?" என்று கொதித்தது கன்ட்ரோலர். ஆனால் இரண்டுக்கும் சொந்தக்காரியான பூவிழி இனித் தன்னைத் தொடவே மாட்டாளோ என்பதுதான் அதன் உள்ளூரக் கவலை.

பூவிழி கணினியில் விளையாட்டைத் திறந்தாள். "கன்ட்ரோலரில் ஆடுவதே சிறப்பு" என்றது திரை. அவள் கன்ட்ரோலரின் வயரைக் கணினியில் செருகினாள்.

கீபோர்டின் குரல் சுருங்கிவிட்டது. "அப்போ நான் எதுக்குக்கா?"

பழிவாங்க அருமையான நேரம். கன்ட்ரோலர் திரையைப் பார்த்தது. வீராங்கனைக்குப் பெயர் எழுதச் சொல்லி ஒரு கட்டம் காத்திருந்தது.

"நான் ஒவ்வொரு எழுத்தா தேடிப் பிடிக்கறதுக்குள்ள அவளுக்கு ஆடுற ஆசையே போயிடும். பேரை நீ வைடி."