நான்கு மணி அழைப்பு

“இன்னிக்கும் தொடலைம்மா,” என்றது போனில் அந்தக் கரகரத்த குரல்.

குடிநோய்ப் பிரிவின் நர்ஸ், நோட்டில் அறுபத்தோராவது கட்டத்தில் பச்சை மையால் ஒரு குறி போட்டாள். “தொடணும்னு தோணுச்சா?”

“காலையில ரெண்டு தடவை. வாளித் தண்ணிய எடுத்துத் தலையோட ஊத்திக்கிட்டேன்.”

அவள் புத்தி சொல்லவில்லை. குடியை விட்டு வீடு திரும்பியவர்களை தினமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாலே போதும், உபதேசம் கூடாது என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் படித்திருந்தாள். “வாசல்ல நாப்பது பேர் நிக்கறாங்க, உங்களுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?” என்று டாக்டர் அலுத்துக்கொண்டபோதும், தன் டீ நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஒவ்வொருவராகப் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது இந்தத் தச்சர் மட்டும்தான்.

தொடக்கத்தில் சிஸ்டர், சிஸ்டர் என்று வளவளத்தவர், மூன்றாவது வாரம் தொண்டை கட்டிக்கொண்டதிலிருந்து ‘அம்மா’ என்று சுருக்கிக்கொண்டார். மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று டாக்டர் அவள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, “ஒருத்தராவது நின்னுட்டாரே சிஸ்டர். நாளைக்கு மாவட்ட டாக்டர்கள் கூட்டத்துல அவரையே பேச வைப்போம். மத்த ஆஸ்பத்திரியிலயும் இதைச் செய்யச் சொல்லலாம்,” என்றார்.

அவள் உடனே தச்சரை மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள்.

“வேண்டாம்மா. போனே போதும்.” துண்டித்துவிட்டார்.

கூச்சப்படுகிறார், நேரில் போனால் மறுக்கமாட்டார் என்று மறுநாள் காலை முகவரியைத் தேடிப் போனாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்றாவது சந்து, தகரக் கதவு. உள்ளே சுவரோரம் பாதி இழைத்த ஜன்னல் சட்டம் சாய்ந்து நின்றது. பக்கத்தில் கிடந்த ரம்பத்தில் துரு ஏறியிருந்தது.

தச்சரின் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னாள்.

“அவர் எங்கம்மா? வேலைக்குக் கிளம்பிட்டாரா?”

மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். “அவர் போய் ஒன்றரை மாசம் ஆச்சு சிஸ்டர். குடிச்சிட்டு சாரத்துல ஏறி, மூணாவது மாடியிலேர்ந்து விழுந்துட்டார். உங்களுக்குத் தெரியாதா?”

நர்ஸின் பையிலிருந்த நோட்டு கல்லாய்க் கனத்தது. “நேத்துகூடப் பேசினேனே...”

பின்கட்டு வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். தச்சரின் அப்பா. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இடுப்பில் பாட்டிலைச் செருகிக்கொண்டு வந்து அவனுக்கே ஊற்றிக் கொடுக்கப் பார்த்தவர். அன்று இவள்தான் காவலாளியைக் கூப்பிட்டு வெளியே தள்ளச் சொன்னாள்.

இன்று அவர் சவரம் செய்திருந்தார். சட்டைப்பையில் மகனுடைய போன் இருந்தது.

“அவனை எடுத்துட்டுப் போன மறுநாளும் சரியா நாலு மணிக்கு அடிச்சீங்க,” என்றார். “செத்துட்டான்னு சொல்ல வாய் வரலை. தொடலைன்னு சொல்லிட்டேன். அப்ப நான் முழுப் போதையில இருந்தேன்.”

நர்ஸ் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பச்சைக் குறிகளைப் பார்த்தாள்.

“அடுத்த நாளும் அதையே சொல்லணுமேன்னு நாக்கு கூசிச்சு. அதான்...” கிழவர் மருமகளின் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“நாப்பத்தோரு நாளா தொடாம இருக்கறது நான்தாம்மா.”