கை ஓயாத பன்னிரண்டாம் நம்பர்

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிப்பவர்களின் கையசைவை வைத்து, யார் வேலை செய்கிறார், யார் சும்மா நிற்கிறார் என்று சொல்லும் கைப்பட்டிகளைக் கட்டிவிட்டிருந்தாள் கம்பெனியிலிருந்து வந்த கிருஷாந்தி. மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் கூடியிருந்த பெரட்டுக்களத்தில், தோட்டத்து மேனேஜரான துரை அவளுடைய டேப்லட்டை வாங்கிப் பார்த்தார்.

"நாகலெட்சுமி, நேத்து பாதி நேரம் சும்மா நின்னிருக்க. ஒனக்கு அரைப்பேர்தான், பாதிநாள் சம்பளம்."

"வழுக்குற மலைங்க தொர. நின்னு நின்னுதான் ஏறணும்."

"பன்னெண்டாம் நம்பரப் பாரு. காலையிலருந்து கை ஓயவே இல்ல. யாரு அது? முன்னுக்கு வாங்க."

யாரும் வரவில்லை. கிருஷாந்தி டேப்லட்டை எட்டிப் பார்த்தாள்.

"அது நீங்கதான் சார். சோதிச்சுப் பாக்க ஒங்க கையிலயும் ஒண்ணு கட்டினேனே."

"நான் நேத்து ஆபீஸ விட்டு எறங்கவே இல்லியே."

"ஆமா சார். ஃபோனத் தள்ளித் தள்ளி வீடியோ பாத்துக்கிட்டிருந்தீங்க. மெஷினுக்கு அது கொழுந்து கிள்ளுறாப்புல தெரிஞ்சிருக்கு."

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. முந்தானைகள் மட்டும் வாயை மூடின. நாகலெட்சுமிக்கு முழுப்பேர் போடச் சொல்லிவிட்டு, துரை விறுவிறுவென்று உள்ளே போனார்.

நாகலெட்சுமி கிருஷாந்தியின் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "தொர பறிச்ச கொழுந்த எங்கம்மா நிறுக்குறது?"