சிங்கத்தின் நெற்றி மச்சம்

தேவாலயச் சுவரில் வரைந்திருந்த சிங்கத்துக்கு நெற்றியில் ஒரு கறுப்பு மச்சம். ஜனங்கள் அதைப் பார்த்துக் கும்பிடுவதில் அதற்கு ஏகக் கர்வம்.

சாயம் மங்கியதால் புதுப்பிக்க ஓவியர் வந்தார். பழைய வேதப் புத்தகம் ஒன்றைக் கீழே விரித்து வைத்தார். அதிலும் கட்டைவிரல் அளவில் அதே சிங்கம்.

"என்னைப் பார்த்து வரைந்த பொடியனா நீ?" என்றது சுவர்ச் சிங்கம்.

"என்னைப் பார்த்துத்தான் உம்மை வரைந்தார்கள், பெரியவரே. அதை இன்றுவரை ஒருத்தரும் சொன்னதில்லை."

"அப்படியானால் உன் மச்சம் எங்கே?"

"மச்சமா? என் நெற்றியில் இருப்பது பூச்சி அரித்த ஓட்டை. அன்று உம்மை வரைந்த ஆள் அதையும் மச்சமென்று சேர்த்து வரைந்துவிட்டான்."

சுவர்ச் சிங்கம் கூசிப்போனது. "இவராவது அழித்துவிடுவாரா?"

"பூச்சி அதோடு நிற்கவில்லையே. இப்போது என் மூக்கிலும் இரண்டு ஓட்டை."

ஓவியர் புத்தகத்தை உற்றுப் பார்த்தார். கறுப்புச் சாயம் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"மூஞ்சியை அசைக்காமல் இரும்," என்றது புத்தகச் சிங்கம். "இம்மி பிசகாமல் வரைகிறவர்."