வளைவில் ஒரு சிவப்புக் கொடி

"இன்னைக்கு எதுக்கு மறியல், தோழரே?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார் பஸ் டிரைவர் முருகதாஸ். சிவப்புக் கொடியோடு ஒருவன் நடுரோட்டில் கையை விரித்து நின்றால் தக்கலைப் பக்கத்தில் வேறு எதைக் கேட்பார்கள்?

"மறியல் இல்லண்ணே. மேல குவாரியில வெடி வைக்கப் போறாவ. சத்தம் கேட்ட பெறவுதான் வண்டி போவணும்," என்றான் சுதன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தலையில் இருந்த மஞ்சள் ஹெல்மெட் இரண்டு தடவை மூக்குக்கு இறங்கிவிட்டது.

சுதன் மைனிங் டிப்ளமோ படிக்கிறவன். பாறை உடைக்க ஒரு படிப்பா, உங்க அப்பன் படிக்காமலே உடைச்சாரே என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அப்பா சம்பாதித்தது உள்ளங்கை நிறையக் காய்ப்பு. மகன் இதுவரை சம்பாதித்தது மூன்று அரியர்.

பயிற்சிக்கு வந்த குவாரியிலும் அவனுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. லாரியைப் பின்னால் எடுக்க விசில் ஊது என்று நேற்று நிறுத்தினார்கள். அவன் ஊதிய ஊதலில் லாரி நேராகப் போய் மேனேஜர் ஜெயசிங்கின் பைக் மேல் ஏறியது.

"இனி ஒரு தப்பு வந்துது, பயிற்சி முடிச்சான்னு கையெழுத்து போட மாட்டேன், கேட்டியா?" என்றார் ஜெயசிங். கையெழுத்து இல்லையென்றால் டிப்ளமோ இல்லை. டிப்ளமோ இல்லையென்றால் அப்பாவின் சுத்தியல்தான். "வளைவுல போய் நில்லு. வெடிச் சத்தம் கேக்க வரைக்கும் ஒருத்தனையும் விடாத. யாரு என்னன்னும் கேக்காத. கேட்டா நீ விட்டுருவ."

பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஒரு பைக் முன்னால் வந்தது. நடுவயதுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மக்கா, வழி விடு. நா மேல போவணும்."

"வெடிச்ச பெறவு போலாம்."

"அது இப்போ வெடிக்காதுடே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? மைனிங் படிக்கது நீங்களா நானா?"

"லே, நா யாருன்னா..."

"யாரா வேணும்னாலும் இருங்க. பஸ்ஸுல ஒருத்தர் வக்கீலுன்னாரு, ஒருத்தர் கவுன்சிலருக்க மச்சான்னாரு. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

அப்போது பைக்குக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. பாடப் புத்தகத்தில் சுதனின் மண்டையில் தங்கிய ஒரே வரி துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "ஆஃப் பண்ணுங்க! எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க! டெட்டனேட்டர் இருக்க எடத்துல போன் அடிச்சா வெடிச்சிரும்!"

குவாரி அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். இருந்தாலும் பஸ் முழுக்க உயிருக்குப் பயந்து போனை அணைத்தது. பைக்குக்காரர் அடிக்கிற போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் அணைத்துப் பைக்குள் போட்டார்.

வெயில் ஏறியது. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. திற்பரப்பு அருவியில் குளிக்கப் புறப்பட்ட கூட்டம் வேனுக்குள்ளேயே வியர்வையில் குளித்து முடித்தது. மலையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை.

மீன் சருவப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கினாள் மீன்காரி குளோரி. "ஏலே மஞ்சத் தொப்பி! எனக்க சாளை நாறத் தொடங்கிட்டு. அந்த வெடிக்காரன் எங்க கெடந்து உறங்கியான்?"

"அந்தாளு எப்பவும் அப்படித்தான் அக்கா. குடிச்சிட்டு எங்கயாவது கெடப்பாரு," என்றான் சுதன். வெடிக்காரரை அவன் கண்ணால் கண்டதில்லை. அவன் வந்த பிறகு வைக்கிற முதல் வெடியே இதுதான். ஆனால் இத்தனை பேர் முன்னால் குவாரி விஷயம் எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அவன் மட்டும் எனக்க கையில கெடைக்கட்டு," என்று மீன் வெட்டுகிற கத்தியை உருவினாள் குளோரி. "செதில் செதிலா சீவிப் போடுவேன், பாத்துக்க."

"கூப்பிடுக்கா, நா கால பிடிச்சுத் தாரேன்," என்றார் முருகதாஸ். தலையைப் பிடிக்க வேனில் இருந்து நாலு பேர் தயாராக இறங்கினார்கள்.

பைக்குக்காரர் ஹெல்மெட்டை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். முன்கண்ணாடியையும் இறக்கிவிட்டார். பாவம், வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான் சுதன்.

அவனுக்கு அன்றைக்கு வெயில்கூடத் தெரியவில்லை. வக்கீல் போகவில்லை, கவுன்சிலரின் மச்சான் போகவில்லை, ஒரு சைக்கிள்கூட வளைவைத் தாண்டவில்லை. படிப்பில் சேர்ந்த நாள் முதல் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது இதுதான் முதல் தடவை. ஜெயசிங் கையெழுத்து போட்டு முதுகில் தட்டுவதும், அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் அவன் கண்ணில் ஓடின.

பின்னால் இருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பைக்குக்காரர். அவனைப் பலாமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். லஞ்சம் தரப்போகிறார் என்று புரிந்து சுதன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இந்தக் காசு குடுக்க வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது!"

பைக்குக்காரர் முன்கண்ணாடியை விரலளவுக்குத் தூக்கினார். குளோரி கத்தியோடு எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"மெல்லப் பேசு மக்கா. அங்க வெடி வைக்க வேண்டியது நானாக்கும்."